மலைக்கு 92 போதுமா?

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நாலு கராஜ் ஏறி, டர்போ காருக்கு எந்தப் பெற்றோல் அடிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். "மலையில ஓடுற வண்டிக்கு 92 தாராளம்" என்பார் ஒருவர். "டர்போவா? அப்போ 95தான், வேற பேச்சே இல்ல" என்பார் அடுத்தவர். இருவருமே கை கறுத்த அனுபவசாலிகள்தான். முதலாமவர் சொல்வது ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. இரண்டாமவர் சொல்வது இன்றைக்கும் பாதிதான் உண்மை. மீதிப் பாதி பெற்றோல் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. அதைத் திறந்து வாசிப்பவர்கள் குறைவு.

"மலைக்கு 92 போதும்" என்ற நம்பிக்கை சும்மா வந்ததல்ல. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் ஏறத்தாழ 101 கிலோபஸ்காலாக இருக்கும் காற்றழுத்தம் அங்கே 81 அளவுக்கு இறங்கிவிடும். டர்போ இல்லாத எஞ்சின் வெளிக் காற்றைத் தானாகவே உறிஞ்சிக்கொள்வது. காற்று மெலிந்தால் சிலிண்டருக்குள் போவதும் மெலியும். பிஸ்டன் மேலே வரும்போது அழுத்தமும் குறையும், இழுவையும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். துரைமார் ஓட்டிய பழைய ஒஸ்டினும் மொரிஸ் மைனரும் நுவரெலியா ஏற்றத்தில் முனகியது இதனால்தான். ஆனால் அந்த நட்டத்துக்குள் ஒரு லாபமும் இருந்தது. அழுத்தம் குறைந்த எஞ்சின் லேசில் நொக் அடிக்காது. கொழும்பில் மட்டமான பெற்றோலுக்குக் கடகடத்த கார், மலைக்கு வந்ததும் அதே பெற்றோலில் சத்தமில்லாமல் ஓடியது. அமெரிக்காவின் ரொக்கி மலை மாநிலங்களில் மற்ற இடங்களைவிடக் குறைந்த ஒக்டேன் பெற்றோலை இன்றும் விற்பது இதே கணக்கை நம்பித்தான்.

நொக் என்பது என்ன? சரியாக ஓடும் எஞ்சினில் ப்ளக் பொறி தட்டியதும் தீ ஒரு முனையிலிருந்து கிளம்பி, கலவையை ஒழுங்காக எரித்துக்கொண்டு மறுமுனைக்குப் போகும். அது போய்ச் சேருமுன், ஓரத்தில் எரியாமல் காத்திருக்கும் மிச்சக் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் நொக். பழைய கார்களில் இரும்புக் குண்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கினாற்போல் காதில் விழும். அது தொடர்ந்தால் பிஸ்டன் விளிம்பு கருகும், ரிங் உடையும், ஹெட் கஸ்கெட் போகும். ஒக்டேன் எண் சொல்வதெல்லாம் இந்த நொக்கை ஒரு பெற்றோல் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும்தான். எளிதில் நொக் ஆகாத ஐசோ ஒக்டேனுக்கு 100, உடனே நொக் ஆகும் ஹெப்டேனுக்கு 0 என்று 1926இல் வகுத்த அளவுகோல் அது. 92 பெற்றோல் என்றால், 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை அளவுக்கு நொக்கைத் தாங்கும் பெற்றோல். 95இல் "பவர் கூட" என்று சொல்வது வழக்கம். லீற்றருக்குள் இருக்கும் சக்தியை எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் பேசத்தக்க வித்தியாசமே கிடையாது. 95இன் தாங்கும் தன்மையைப் பயன்படுத்தத் தெரிந்த எஞ்சினுக்குத்தான் அதனால் பலன். தெரியாத எஞ்சினுக்கு விலை மட்டுமே கூட.

பயன்படுத்தத் தெரிந்த எஞ்சின்களில் முதலிடம் காற்றை அடைத்து ஓடும் எஞ்சின்களுக்கு. இதை உலகம் பெரிய அளவில் கண்டது 1940இல். பிரிட்டிஷ் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சினுக்கு 87க்குப் பதிலாக 100 ஒக்டேன் எரிபொருள் கிடைத்ததும், அதற்குள் அடைக்கும் காற்றழுத்தத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்க முடிந்தது. 1,030 அளவில் இருந்த குதிரைவலு 1,310 வரை ஏறியது. எஞ்சின் அதேதான், எரிபொருள்தான் வேறு. அன்றைக்கு ஒக்டேனை ஏற்றியது ஈயச் சேர்மம். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல்தான் நின்றது.

இனி டர்போ காரோடு மலையேறுவோம். இங்கேதான் பழைய கணக்கு உதைக்கிறது. வெளிக் காற்று எவ்வளவு மெலிந்தாலும், டர்போவின் வேலை உள்ளே போகும் அழுத்தத்தைக் குறையவிடாமல் பிடிப்பது. ஓர் எஞ்சினுக்கு உட்காற்று 160 கிலோபஸ்காலில் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் டர்போ வெளிக் காற்றை 1.6 மடங்கு அழுத்தினால் அது கிடைத்துவிடும். நுவரெலியாவில் ஏறத்தாழ 2 மடங்கு அழுத்த வேண்டும். அழுத்தினால் சூடேறும், சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கொழும்பில் 30 பாகையில் உள்ளே போகும் காற்று, 70 வீதத் திறனுள்ள டர்போவிலிருந்து 90 பாகையில் வெளிவரும். நுவரெலியாவின் 16 பாகைக் குளிர்காற்று 105 பாகையில் வெளிவரும். ஊர் 14 பாகை குளிர், டர்போ வாய் 15 பாகை சூடு.

இந்த இடத்தில் இன்டர்கூலர் குறுக்கே வந்து நியாயம் பேசுகிறது. ஏறிய சூட்டில் 70 வீதத்தை அது பிடுங்கிவிட்டால், கொழும்பில் எஞ்சினுக்குள் போகும் காற்று 48 பாகையிலும் நுவரெலியாவில் 43 பாகையிலும் இருக்கும். மலைக்குச் சின்ன வெற்றி. ஆனால் கொழுந்து ஏற்றிய லொறிக்குப் பின்னால் 15 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்துகொண்டு, முன்னாலிருந்து காற்று வீசாமல், இன்டர்கூலர் 50 வீதம்தான் பிடுங்குகிறது என்றால் கொழும்பில் 60, நுவரெலியாவிலும் 60. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. இவை கைக்கணக்குகள்தான், ஒவ்வோர் எஞ்சினுக்கும் எண்கள் கொஞ்சம் மாறும். கணக்குப் போகும் திசை மாறாது. டர்போ இல்லாத காருக்கு மலை கொடுக்கும் ஒக்டேன் சலுகை டர்போ காருக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மிகக் கொஞ்சம்.

அப்படியானால் டர்போ எல்லாவற்றுக்கும் 95 கட்டாயமா? இல்லை. எஞ்சினில் டர்போ இருக்கிறதா என்பதைவிட, அதை எந்த நாட்டுப் பெற்றோலுக்கு டியூன் செய்தார்கள் என்பதுதான் முக்கியம். ஜப்பானின் தரநிர்ணயப்படி அங்கே சாதாரண பெற்றோலுக்குக் குறைந்தபட்சம் 89 ஒக்டேன், உயர்தரத்துக்குக் குறைந்தபட்சம் 96. நம் வீதிகளில் ஓடும் 658 சீசீ சுசுகி எவ்ரி, ஹஸ்லர், வேகன் ஆர் ஸ்டிங்ரே போன்றவற்றின் 64 குதிரைவலு டர்போ எஞ்சின்களும், டொயோட்டா றைஸின் 996 சீசீ டர்போ எஞ்சினும் அந்தச் சாதாரண பெற்றோலுக்கே அமைந்தவை. அவற்றுக்கு நம்முடைய 92 குறைவல்ல, ஒரு படி கூட. அவற்றில் 95 அடித்துக்கொண்டு "இப்போ நல்லா இழுக்குது" என்று சொல்பவர்களுக்கு இழுப்பது பெரும்பாலும் மனம்தான். பிரித்தானியாவிலிருந்து வந்த 988 சீசீ ஹொண்டா சிவிக், ஜேர்மன் 1.0 டிஎஸ்ஐ எஞ்சின்கள், பிரெஞ்சுக் கார்கள் எல்லாம் வேறு வகை. ஐரோப்பாவில் அடிமட்டப் பெற்றோலே 95. 92 என்று ஒன்று இருப்பதை மனதில் வைத்து அவற்றை வடிவமைத்தவர் யாரும் இல்லை.

இந்தச் சிறிய டர்போக்கள் இங்கே பெருகியதற்கு வரியும் ஒரு காரணம். எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி போடும் நாட்டில், 1,000 சீசீக்குள் நின்றுகொண்டு 1,500 சீசீயின் இழுவையைத் தரும் எஞ்சின் செல்லப்பிள்ளையாகிவிடும். 2020 மார்ச்சில் அடைபட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்தபோது அந்த வரிசை இன்னும் நீண்டது. கார் வந்த வேகத்துக்கு அதைப் பற்றிய விளக்கம் வரவில்லை.

ஒக்டேன் எவ்வளவு வித்தியாசத்தைத் தரும் என்பதற்குச் சுசுகியே ஒரு நல்ல சாட்சி. கே10சி என்ற அதன் 1.0 லீற்றர் டர்போ எஞ்சின் ஜப்பானில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்களில் வந்தது. 2016இல் பலேனோவில் உயர்தரப் பெற்றோலுக்கு டியூன் செய்தபோது 111 குதிரைவலு, 160 நியூட்டன் மீற்றர். அதன்பின் ஸ்விஃப்டில் சாதாரண பெற்றோலுக்கு டியூன் செய்தபோது 102 குதிரைவலு, 150 நியூட்டன் மீற்றர். 9 குதிரைவலு என்பது அந்த அளவுக் காரில் நாலு பேரோடும் சாமான்களோடும் ரம்பொடை ஏறும்போது தெரியக்கூடிய வித்தியாசம்.

மஸ்டா தன் 2.5 லீற்றர் டர்போவுக்கு அமெரிக்காவில் இரண்டு கணக்குகளையும் வெளிப்படையாகவே கொடுத்தது: 87 பெற்றோலில் 227 குதிரைவலு, 93இல் 250. இந்த எண்களை அப்படியே நம் பம்புகளோடு ஒப்பிட்டுவிடக் கூடாது. அமெரிக்கர்கள் இரண்டு வகைச் சோதனைகளின் சராசரியைப் பம்பில் எழுதுகிறார்கள். அவர்களுடைய 87 நம்முடைய 92க்கு ஏறக்குறையச் சமம், 93 என்பது நம் கணக்கில் 98ஐ ஒட்டியது. அமெரிக்கக் காணொளியில் ஒருவர் "87இல் அருமையாக ஓடுகிறது" என்று சொல்வதைக் கேட்டு, "எங்களிடம் 92 இருக்கிறதே, அதைவிட எவ்வளவோ மேல்" என்று முடிவுகட்டுபவர்கள் தவறுவது இங்கேதான். மஸ்டா முதலில் கொடுத்த கணக்கில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2,000 சுற்றில் கிடைக்கும் உச்ச முறுக்குவிசை இரண்டு பெற்றோலிலும் ஒன்றேதான். வித்தியாசம் வந்தது உயர்ந்த சுற்றுகளில். தோட்டப் பாதையில் இரண்டாம் கியரில் மெல்ல ஏறுபவருக்கு அந்த 23 குதிரைவலு ஒருநாளும் கண்ணில் படாது.

இப்படி ஒரு காருக்கு ஒரு பதில், மற்றொன்றுக்கு வேறு பதில் என்பதுதான் ஆய்வுகளும் கண்டது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான டிரிபிள் ஏ, உயர்தரப் பெற்றோலைப் "பரிந்துரைக்கும்", ஆனால் கட்டாயமாக்காத கார்களை 2017இல் சோதித்தது. சராசரியாக எரிபொருள் சிக்கனம் 2.7 வீதமும் வலு 1.4 வீதமும் கூடின. சராசரிக்குள் பெரிய ஏற்ற இறக்கம். வலுவில் அதிகம் பலன் கண்ட ஃபோர்ட் மஸ்டாங் டர்போ, அங்கேயும் 3.2 வீதம்தான். ஷெல் நிறுவனத்தில் ஆய்வு செய்த கௌதம் கல்காட்கி 2001 முதல் எழுதிய ஆய்வுகள் இதற்கு அடித்தளம் கொடுக்கின்றன. நம் பம்பில் எழுதியிருக்கும் ரோன் எண்ணை 600 சுற்றில் மெல்ல ஓடும் சோதனை எஞ்சினில் அளக்கிறார்கள். மொன் என்ற மற்ற எண்ணை 900 சுற்றில், இன்னும் சூடான கலவையில் அளக்கிறார்கள். அதிக அழுத்தத்திலும் அதற்கு ஒப்பிடக் குறைந்த சூட்டிலும் ஓடும் புதிய டர்போ எஞ்சின்களுக்கு ரோன்தான் பேசுகிறது, மொன் அவ்வளவாக இல்லை என்பது அவர் முடிவு. நம் பம்பில் இருப்பது சரியான எண்தான் என்பது ஆறுதல்.

95க்கு டியூன் செய்த காரில் 92 அடித்தால் உடனே எஞ்சின் போய்விடுமா? போகாது. எஞ்சின் பிளொக்கில் திருகியிருக்கும் நொக் சென்சர், நம் காதுக்கு எட்டாத முதல் தட்டலையே பிடித்துக் கணினிக்குச் சொல்லும். கணினி பொறி தட்டும் நேரத்தைச் சில பாகை பின்னுக்குத் தள்ளும், தேவைப்பட்டால் பூஸ்ட்டையும், அதாவது டர்போ அடைக்கும் அழுத்தத்தையும், குறைக்கும். பொறி பிந்தினால் வலு குறையும், புகையின் சூடு ஏறும். அந்தச் சூட்டைத் தணிக்கச் சில எஞ்சின்கள் கூடுதல் பெற்றோலை ஊற்றும். ஓட்டுபவருக்குச் சத்தம் எதுவும் கேட்காது. "மலையில கொஞ்சம் சோர்வா இருக்கு, எண்ணெயும் கூடக் குடிக்குது" என்பார், பழியை உயரத்தின் மேல் போடுவார். நல்ல டர்போ கார் நுவரெலியாவில் கொழும்பைவிட அவ்வளவு சோர வேண்டிய அவசியமே இல்லை.

மலையகத்தில் டர்போவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் டீசலிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹட்டன் வழி ஓடும் லேலண்ட் பஸ்ஸும், கொழுந்து லொறியும், ஹையேஸ் வேனும்தான் இங்கே டர்போவைக் கற்றுக்கொடுத்த வாத்தியார்கள். டீசலில் எரிபொருள் தானாகப் பற்றுவதுதான் வேலையே. டர்போ அடைக்கும் சூடான, அடர்ந்த காற்றில் டீசல் இன்னும் சீக்கிரம் பற்றும், சத்தமும் தணியும். அங்கே டர்போ நொக்குக்கு மருந்து, பெற்றோலில் நொக்குக்குத் தூண்டுதல். டீசல் டர்போவில் கை பழகியவர் பெற்றோல் டர்போவிடம் அதே பொறுமையை எதிர்பார்ப்பது இயல்பு, ஆனால் இரண்டுக்கும் குணம் நேர் எதிர்.

ஒக்டேனுக்கு உண்மையான சோதனை நுவரெலியாவில் நடப்பதில்லை. அவிசாவளையிலிருந்து ஏ7 பாதையில் வாருங்கள். கித்துள்கலை வரை களனி கங்கை ஓரமாக ஈரமும் வெக்கையும். அதைத் தாண்டிக் கினிகத்தேனை ஏற்றம் தொடங்குகிறது. உயரம் இன்னும் கொஞ்சம்தான், காற்று அடர்த்தியாகத்தான் இருக்கிறது, சூடும் தணியவில்லை. கார் நிறைய ஆட்கள், ஏசி ஓடுகிறது, முன்னால் ஒரு பஸ், வளைவுக்கு வளைவு நின்று எடுக்க வேண்டும். டர்போ எஞ்சின் நொக் அடிக்க வேண்டிய எல்லாச் சூழலும் ஒன்றுசேரும் இடம் இது. வட்டவளை தாண்டி ஹட்டனுக்கு, அதாவது 1,200 மீற்றருக்கு மேலே வரும்போது குளிர் கைகொடுக்கத் தொடங்கும். அந்தப் பக்கத்து மழையும் பனிமூட்டமும்கூட ஒரு வகையில் நண்பர்கள்தான், ஈரக் காற்று நொக்கைத் தணிக்கும். மலையில் குடியிருந்து மலைக்குள்ளேயே ஓடும் காரைவிட, கொழும்பிலிருந்து வார இறுதிக்கு ஏறிவரும் காருக்குத்தான் 95 கூடத் தேவை. "மலைக்குத்தானே போகிறோம், 92 அடிக்கலாம்" என்று கொழும்பில் நிரப்பிக்கொண்டு வருபவர் தலைகீழாகக் கணக்குப் போடுகிறார்.

இதே ஏற்றத்தில் ஒக்டேன் மட்டும் தீர்க்க முடியாத இன்னொரு ஆபத்தும் உண்டு. சீவீடீ கியர் உள்ள கார்கள் சிக்கனத்துக்காக எஞ்சினை 1,500, 2,000 சுற்றிலேயே வைத்துக்கொண்டு முழுப் பூஸ்ட்டில் இழுக்கப் பார்க்கும். அந்த நிலையில் சிலிண்டரில் கசியும் எண்ணெய்த் துளியோ ஒட்டியிருக்கும் கரித்துகளோ ப்ளக்குக்கு முன்னரே தீ மூட்டிவிடலாம். சாதாரண நொக்கைவிட இது பன்மடங்கு கொடியது, ஒரே அடியில் பிஸ்டன் உடையும். எஞ்சின் ஒயிலில் உள்ள கல்சியச் சேர்க்கைப் பொருள் இதற்குத் துணைபோவது தெரிந்த பின், அதைக் குறைத்து 2020இல் ஏபிஐ எஸ்பி என்ற ஒயில் தரம் வந்தது. டர்போ காருக்கு 95 அடித்துவிட்டு, கிடைத்த ஒயிலை ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் காசை ஒயிலில் போட்டாலே கூடப் பலன். ஏற்றத்தில் கியரை எஸ்ஸிலோ எல்லிலோ போட்டு எஞ்சினைக் கொஞ்சம் கூடச் சுற்றவிடுவதற்குச் செலவே இல்லை.

செலவு என்று வந்தபின், 2025 செப்டெம்பரில் 92 பெற்றோல் லீற்றருக்கு 299 ரூபாவாகவும் 95 லீற்றருக்கு 341 ரூபாவாகவும் இருந்தது. வித்தியாசம் 42 ரூபா, அதாவது 14 வீதம். டிரிபிள் ஏ கண்ட 2.7 வீதச் சிக்கனத்தை வைத்து அதை மீட்க வழியே இல்லை. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர், லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்றால் ஒரு பயணத்துக்கு 630 ரூபா கூடுதல். 95 கேட்கும் காருக்கு அது எஞ்சினுக்கான காப்புறுதி. 92 கேட்கும் காருக்கு வீண். இடையில் கலக்கவும் தடையில்லை, பாதிக்குப் பாதி கலந்தால் 93.5ஐ ஒட்டி நிற்கும். தோட்டப் பகுதியின் சிறிய பெற்றோல் செட்டுகளில் 95 எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே 95 காரர்கள் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தாங்கியை நிரப்பிக்கொண்டு உள்ளே போவது நல்லது.

எண்ணைவிடப் பெரிய கேள்வி, பம்பில் எழுதிய எண் தாங்கிக்குள் போகிறதா என்பது. 2022 ஜூன் கடைசியில் 92 பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியபோது மண்ணெண்ணெய் 87 ரூபா. லயத்து அடுப்புக்கும் விளக்குக்கும் என்று விலை அடக்கிவைத்திருந்த எண்ணெய் அது. ஓகஸ்ட்டில் அதை 340 ஆக்கினார்கள். அந்த இடைவெளி எத்தனை பேரைக் கலப்படத்துக்கு இழுத்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகத் தாழ்ந்தது. சிறிது கலந்தாலும் 92, 92 ஆக இராது. பழைய ஓட்டோ இருமிக்கொண்டே ஓடிவிடும், டர்போ எஞ்சின் பொறுக்காது. பெற்றோல் அடித்த அன்றைக்கே கார் திடீரென்று சோர்ந்தால் ஒக்டேன் பூஸ்டர் போத்தலைத் தேடிப் போகாதீர்கள். அவற்றில் சில மங்கனீஸ் சேர்மம் கொண்டவை, ப்ளக்கில் செம்படிவை விட்டுப் போகும். அந்தத் தாங்கியை மெதுவாக ஓட்டித் தீர்த்துவிட்டு வேறு செட்டில் அடியுங்கள்.

2024இல் லங்கா ஐஓசி நிறுவனம் 100 ஒக்டேன் பெற்றோலையும் கொண்டுவந்தது. இது யாருக்கு? நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. அந்த மாதிரிப் பாதைகளில் ஏறும் மிட்சுபிஷி எவோவும் சுபாரு டபிள்யூஆர்எக்ஸும் ஜப்பானின் உயர்தரப் பெற்றோலுக்குப் பிறந்தவை. 95 அவற்றுக்கு இதுவரை சமரசமாகத்தான் இருந்தது, 100 வந்தது நியாயமான வரவு. எவோக்காரர் கணினியை அதற்கேற்ப டியூன் செய்தால் பூஸ்ட்டையும் கொஞ்சம் ஏற்றலாம். டியூனில் கைவைக்காத சிவிக்கில் 100 அடிப்பவருக்குக் கிடைப்பது சொற்பம். எவ்ரி வேனில் அடிப்பவருக்கு ரசீது மட்டும்தான்.